ஒதுங்கிப் போன காய்ச்சல் ஏன் திரும்பி வந்தது?

  

கொரோனாக் காலத்தைப் பற்றி நாம் ஏராளமாகப் பேசிவிட்டோம். உற்றாரின் ஜனாஸாவில் கலந்துகொள்ள இயலாமல் தவித்ததையும், தராவீஹ் இல்லாத பள்ளிவாசல்களைப் பூட்டிய வாசலுக்கு வெளியே நின்று பார்த்துத் திரும்பியதையும் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டோம். ஆனால் அதே காலத்தில் நம் வீடுகளுக்குள் நிகழ்ந்த ஒன்றை நம்மில் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. 2020ஆம் ஆண்டு மழைக்காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்த ஐப்பசி கார்த்திகையில் உங்கள் பிள்ளைகள் எத்தனை முறை மூக்கு ஒழுகி, காய்ச்சலில் படுத்தார்கள்? ஆண்டுதோறும் தவறாமல் வரும் சளிக்காய்ச்சலுக்காகக் குழந்தை மருத்துவரின் வாசலில் எத்தனை இரவுகள் காத்திருந்தீர்கள்? பல தாய்மார்கள் சற்று யோசித்துவிட்டு, அந்த ஆண்டு அப்படி எதுவும் வரவில்லையே என்றுதான் கூறுவார்கள்.

அது தற்செயலன்று. எங்கே போயிற்று அந்தக் காய்ச்சல்? பின்னர் ஏன் திரும்பி வந்தது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான், முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்ட இந்நாளில் எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பது நமக்குத் தெளிவாகும்.

முதலில் எவையெல்லாம் நின்றுபோயின என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. பண்டிகை நாட்களில் கால் வைக்க இடமில்லாத தியாகராய நகர் ரங்கநாதன் தெரு வெறிச்சோடிற்று. மாம்பலம் இரயில் நிலையத்தின் படிக்கட்டுகளில் ஆளில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அடையாறு பேருந்து நிலையத்திலும் காவலர்களைத் தவிர எவருமில்லை. ஏப்ரல் 25இல் ரமளான் பிறந்தது. கஞ்சி காய்ச்சிப் பரிமாற வழியின்றி, அரசு வழங்கிய பச்சரிசி வீடு வீடாகக் கொண்டு கொடுக்கப்பட்டது. ஜூன் 19 முதல் சென்னைக்கென்று மீண்டும் ஒரு கடும் முழு ஊரடங்கு. செப்டம்பர் 1 முதல் வழிபாட்டிடங்கள் அனைத்தும் திறக்க அனுமதி கிடைத்தபோது, ஹவ்ழ் மூடப்பட்டிருந்தது. வீட்டிலேயே வுளூ செய்து, சொந்த முஸல்லாவைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்றோம். தோளோடு தோள் சேர்த்து நின்றே பழகிய நமக்கு அது எவ்வளவு அந்நியமாக இருந்தது!

இவை அனைத்தும் ஒரே ஒரு கிருமியை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. ஆயினும் மூச்சுக்காற்றின் வழியே பரவும் மற்றக் கிருமிகளுக்கும் அதே கதவுகள்தாமே வழி! கதவு அடைபட்டதும் அவையும் வெளியிலேயே நின்றுவிட்டன.

எந்த அளவுக்கு என்று கேட்டால் வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் 2019ஆம் ஆண்டு ஆய்வகச் சோதனையில் உறுதிசெய்யப்பட்ட ஃபுளூ நோயாளிகள் மூன்று இலட்சத்திற்கும் அதிகம். 2021ஆம் ஆண்டு முழுவதிலும் அந்த எண்ணிக்கை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அமெரிக்காவில் 2019-20 ஃபுளூ பருவத்தில் அந்நோயால் மாண்டதாகப் பதிவான குழந்தைகள் 199 பேர். அடுத்த பருவத்தில், அதாவது 2020-21இல், ஒரே ஒரு குழந்தை. சகோதரர்களே, இந்த இரண்டு எண்களையும் வெறும் புள்ளிவிவரமாகப் படித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். அந்த வேறுபாடு அத்தனை வீடுகளில் நடமாடும் பிள்ளைகள். நம் இந்தியாவிலும் 2020இல் ஃபுளூ மிகவும் அருகிப்போயிற்று.

கொரோனாவையே எல்லாரும் தேடினார்கள், ஃபுளூவை யார் தேடினார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபுளூ சோதனைகளைக் குறைக்காமல் நடத்திய நாடுகளிலும் நூறு மாதிரிகளில் ஒன்றுகூட ஃபுளூ என்று வராத வாரங்கள் தொடர்ந்தன. தேடியும் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

அப்படியானால் கொரோனா மட்டும் ஏன் ஒழியவில்லை? அதே முகக்கவசம், அதே இடைவெளி, அதே ஊரடங்கு. ஒன்று ஒடுங்கிற்று, மற்றொன்று இரண்டு பெரிய அலைகளாக வந்து நம்மை அடித்துப் போட்டது. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பருவகால ஃபுளூ வந்த நூறு பேர் சராசரியாக நூற்று முப்பது பேருக்கு அதைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்ககாலக் கொரோனாவோ நூறு பேரிடமிருந்து ஏறத்தாழ இருநூற்றைம்பது பேருக்குச் சென்றது. மக்கள் சந்தித்துக்கொள்வது பாதியாகக் குறைந்தால் என்னவாகும்? ஃபுளூ நூறிலிருந்து அறுபத்தைந்தாகும். அடுத்த சுற்றில் நாற்பத்திரண்டாகும். சில வாரங்களில் அவிந்துவிடும். கொரோனாவோ பாதியாகக் குறைந்த பின்னும் நூற்றிருபத்தைந்து. அடுத்த சுற்றில் நூற்றைம்பதைத் தாண்டிவிடும். ஒரே தடுப்பு ஒரு தீயை அணைத்தது, மற்றொன்றைத் தாமதப்படுத்த மட்டுமே செய்தது. போதாக்குறைக்கு, ஃபுளூவை ஏற்கெனவே பலமுறை சந்தித்த உடல்கள் நம்முடையவை. கொரோனாவுக்கு எதிராக எவர் உடலிலும் அந்தப் பழக்கம் இருக்கவில்லை.

எனவே, முகக்கவசம் அணிந்தும் கொரோனா வந்ததே, அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பயனை நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது எளிதில் விளங்கும். ஃபுளூ ஓர் ஊரிலேயே ஆண்டு முழுவதும் தங்கியிருப்பதில்லை. ஒரு நாட்டில் பருவம் முடியும்போது மற்றொரு நாட்டில் தொடங்கும். மனிதர்களோடு விமானமேறித்தான் அது ஊர் மாறுகிறது. 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை நம் நாட்டில் வழமையான பன்னாட்டு விமானச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. மீட்பு விமானங்களும் சிறப்பு ஏற்பாட்டு விமானங்களும் ஓடின என்பது உண்மையே. ஆனாலும் மீனம்பாக்கத்தில் நாள்தோறும் வந்திறங்கும் கூட்டம் இல்லை. ஹஜ்ஜையே பாருங்கள்: அதுவரை இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடிவந்த அந்த மைதானத்தில் 2020இல் சவூதியில் வசித்தோர் மட்டும் சுமார் ஆயிரம் பேர், 2021இல் அறுபதாயிரம் பேர். உலகின் கிருமிகளெல்லாம் சந்தித்துக்கொள்ளும் சந்தைகள் அனைத்தும் மூடிக் கிடந்தன.

இதன் விளைவாக, ஆய்வாளர்களே எதிர்பாராத ஒன்று நடந்தது. ஃபுளூவில் பி வகையைச் சார்ந்த இரு கிளைகள் உண்டு. அவற்றுள் யமகாட்டா என்னும் கிளை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. அதைத் தடுப்பூசியில் சேர்க்கத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. எவரும் அதைக் குறிவைத்து ஒழிக்கவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் இருந்த சில மாதங்களில் அதற்கு அடுத்த வீடு கிடைக்காமல் போயிற்று.

எல்லாக் கிருமிகளும் இப்படி ஓடிவிடவில்லை. சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸ் ஊரடங்கிலும் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஃபுளூ, கொரோனா ஆகியவற்றின் மேல் ஒரு கொழுப்புறை இருக்கிறது. சோப்பும் சானிடைசரும் அதைக் கரைத்துவிடும். ரைனோ வைரஸுக்கு அந்த உறையே இல்லை. ஆகவே சானிடைசர் அதை எளிதில் வீழ்த்துவதில்லை. தேய்த்துக் கழுவி நீரோடு அனுப்பினால்தான் போகும். நாளைக்கு ஐந்து வேளை வுளூ செய்யும் நமக்குக் கை கழுவுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று மேடைகளில் பெருமையோடு கூறுகிறோம். வுளூ வணக்கத்திற்கான தூய்மை. ஆனால் மூக்கைச் சிந்திய கைக்குச் சோப்பும் வேண்டும். நம் பள்ளிவாசல்களின் வுளூச் செய்யுமிடத்தில் எத்தனை குழாய்களுக்கு அருகில் சோப்பு இருக்கிறது? இந்த வெள்ளிக்கிழமை போகும்போது எண்ணிப் பாருங்கள்.

இனித் திரும்பி வந்த கதைக்கு வருவோம்.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் இக்கிருமிகள் வந்தன. ஆனால் தம் பருவத்தில் வரவில்லை. சிசுக்களின் நுரையீரலின் நுண்குழாய்களைத் தாக்கி இழுப்பை உண்டாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ், குளிர்காலத்திற்குரியது. ஆஸ்திரேலியாவில் அது 2020 டிசம்பரில், அந்நாட்டின் கோடையில், பெருக்கெடுத்தது. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுக் கோடையில் வந்தது. தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரை அவ்வாண்டு நவம்பர் 1 அன்றும் பள்ளிகள் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வகுப்பறையையே காணாத சிறார்கள் ஒரே பெஞ்சில் நெருங்கி அமர்ந்தார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் எச்1என்1 காய்ச்சல் பரவிற்று; பக்கத்துப் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு ஒரு வாரத்திற்கும் மேல் விடுமுறை விட்டார்கள். 2023இன் தொடக்கத்தில் எச்3என்2. அவ்வாண்டு மார்ச் 10 அன்று தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்களை நடத்திற்று. சரியாக இரண்டு வாரங்களில், மார்ச் 24இல், ரமளான் முதல் நோன்பு. அந்த ஆண்டுத் தராவீஹில் கிராஅத்தின் ஓசையோடு இருமலின் ஓசையும் கலந்திருந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இந்தத் திரும்பி வருகையைக் கண்டுதான் ஒரு பேச்சு கிளம்பிற்று. பிள்ளைகளுக்கு முகக்கவசம் போட்டு, வீட்டில் பொத்தி வைத்து, அவர்களது எதிர்ப்புச் சக்தியையே கெடுத்துவிட்டோம். இனியாவது நன்றாகச் சளி பிடிக்கட்டும் என்கிறார்கள். படித்தவர்களும் இதைக் கூறுகிறார்கள். இதில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உண்மை இதுதான்: ஒரு கிருமியைச் சந்திக்காத ஆண்டில், அதற்கெதிரான உடலின் நினைவு புதுப்பிக்கப்படுவதில்லை. சந்திக்காதவர்களின் தொகை ஊரில் சேர்ந்துகொண்டே போகும். கிருமி வரும்போது ஒரே நேரத்தில் பலரைப் பிடிக்கும். தாய் அந்த ஆண்டு ஆர்.எஸ்.வி.யைச் சந்திக்காவிட்டால், கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடத்தும் தற்காப்பும் குறையும். இத்தனையும் சரி.

பிழை எங்கே? எதிர்ப்புச் சக்தி என்பது பயன்படுத்தாவிட்டால் சூம்பிப்போகும் கை கால் அன்று. முகக்கவசம் போட்ட பிள்ளையின் உடலில் எதுவும் பழுதாகவில்லை. குறிப்பிட்ட ஒரு கிருமியை அது அந்த ஆண்டு பார்க்கவில்லை, அவ்வளவே. மேலும், நோயைத் தள்ளிப்போடுவதே ஒரு நன்மையாகும் இடங்கள் உண்டு. மூன்று மாதச் சிசுவின் மூச்சுக்குழாய் மிகமிகச் சிறியது. சற்று வீங்கினாலே காற்றுப் போக வழியில்லை. அதே ஆர்.எஸ்.வி. இரண்டு வயதில் வந்தால் பெரும்பாலும் சளியோடு போய்விடும். மூன்று மாதத்தில் வந்தால் ஆக்சிஜன் வைக்க நேரிடலாம். எப்படியும் ஒருநாள் வரப்போகிறது, இன்றைக்கே வரட்டுமே என்று கைக்குழந்தையைக் கூட்டத்தில் கொண்டு நிறுத்துவது அறிவாகாது. முதியவர்களின் நிலையும் அதுவே. நன்னாவுக்கும் நன்னிக்கும் சளி பிடித்துச் சக்தி வளர வேண்டியதில்லை. அது அவர்களுக்கு நிமோனியாவாக முடியக்கூடும். அவர்களுக்கு நினைவைப் புதுப்பிக்கத் தடுப்பூசி என்ற பாதுகாப்பான வழி இருக்கிறது.

அந்த ஊசியைப் பற்றி ஒரு சொல். சென்னைக்கென்று ஒரு ஃபுளூப் பருவம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டில்லி, புனே, நாகபுரி போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரையில் ஃபுளூ உச்சத்தை அடையும். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015இல் வெளியான இந்திய ஆய்வொன்று பல நகரங்களின் தரவுகளைக் கொண்டு இதைக் காட்டியது. நம் நகரத்தில் அது எத்தகைய காலம் என்பதை எண்ணிப் பாருங்கள். வெளியே மழை, சன்னல்கள் அடைபட்டிருக்கும். தீபாவளியை ஒட்டித் தியாகராய நகர் முழுவதும் தலைகள். குளிரூட்டிய பல மாடிக் கடைகளில் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கி விடுகிறார்கள். கிருமிக்கு இதைவிட வசதியான மாதங்கள் வேறில்லை. ஆகவே அறுபதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஃபுளூ ஊசி போடுவதாயின், மருத்துவரைக் கேட்டு மழை தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது குழந்தைகளுக்கு இல்லை. தனியாரிடம் பணம் கொடுத்தே பெற வேண்டியிருக்கிறது. ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கு இதைச் சவூதி அரசே பரிந்துரைக்கிறது என்பதை, ஊசியென்றாலே சந்தேகம் கிளப்பும் நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அம்வாஸ் கொள்ளைநோயின்போது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் எல்லையிலிருந்து திரும்பிய வரலாறு நீங்கள் பலமுறை கேட்டது. ஆதலால் அதை விரிக்கவில்லை. அதன் பிற்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. ஹிஜ்ரி 18இல், அபூ உபைதா (ரலி), முஆத் (ரலி) ஆகியோர் அடுத்தடுத்து மறைந்த பின் பொறுப்பேற்ற அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள், மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லுமாறு பணித்தார்கள். அதன் பின்னரே நோய் தணிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கூட்டத்தைக் கலைப்பது அன்றும் ஒரு மருந்தாக இருந்தது.

ஆனால் கூட்டத்தை என்றென்றும் கலைத்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பள்ளிகளை மூடியதால் ஏழைப் பிள்ளைகள் இழந்த கல்வியும், கடைகளை மூடியதால் அன்றாடங்காய்ச்சிகள் பட்ட பசியும் நாம் கண்கூடாகக் கண்டவை. சளிக்காய்ச்சலுக்காக அவற்றை மீண்டும் செய் என்று எவரும் கேட்கமாட்டார். நான் கேட்பது வேறு. ஊரை அடைக்கத் தேவையில்லை. நோயாளி தன்னை அடைத்துக்கொள்ளட்டும். ஊரே ஒதுங்கியபோது கிடைத்த பயனில் ஒரு பங்கு, நோயுற்றவர் மட்டும் இரண்டு மூன்று நாட்கள் ஒதுங்கினால் கிடைத்துவிடும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே ஃபுளூ மிகுதியாகப் பரவுகிறது.

இங்கேதான் நம்மிடம் ஒரு குறை இருக்கிறது. காய்ச்சலோடு ஜும்ஆவுக்கு வருவதைப் பேணுதல் என்று எண்ணுகிறோம். நோயாளிக்கு ஜும்ஆ கடமையன்று என்பது ஃபிக்ஹ் படித்த சிறுவனுக்கும் தெரியும்; அன்று அவர் வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். வெங்காயம், பூண்டின் வாடையோடு பள்ளிக்கு வந்து பிறருக்குத் தொல்லை தரவேண்டாம் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். வாடையினால் வரும் தொல்லை சில நிமிடங்கள். உங்கள் இருமலால் பக்கத்திலிருக்கும் முதியவருக்கு வரும் தொல்லை மருத்துவமனை வரை செல்லக்கூடும். பெருநாளன்று கட்டித் தழுவுவதும் அவ்வாறே. சளி இருந்தால் சலாமோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எவரும் மனம் வருந்தார். பிறந்த குழந்தையைப் பார்க்கச் சென்றால் முகத்தோடு முகம் வைத்து முத்தமிடாதீர்கள். தடுக்கத் தயங்கி நிற்கும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் சங்கடத்தை நீங்களே உணர்ந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் இருங்கள் என்று சொல்வது எளிது. இருக்க முடியாதவர்களும் உண்டு. கடைகளில் நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டும் பையனுக்கும் பெண்ணுக்கும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள்? விடுப்பெடுத்தால் அன்றைய சம்பளம் போகும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நூறு வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், நம் முதலாளிமார்களின் நிலையை என்னென்று சொல்வது! இதை வாசிப்பவர்களில் கடை வைத்திருப்போர் பலர். நோயுற்ற ஊழியருக்குச் சம்பளம் பிடிக்காமல் மூன்று நாள் விடுப்புத் தருவீர்களானால், எந்த முகக்கவச உத்தரவையும்விட அது அதிகம் தடுக்கும். பள்ளிக்கூடங்களும் மக்தப்களும் ஒருநாள்கூட விடுப்பெடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கின்றன. காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பச் சொல்லும் பரிசு அது, அதை நிறுத்திவிடலாம்.

உணவும் ஒரு சங்கதி. 2020 டிசம்பரில் கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியபோது, மாணவர் விடுதிகளின் பொது உணவுக்கூடத்தைத்தான் அதிகாரிகள் சுட்டிக்காட்டினார்கள். வகுப்பிலும் வழியிலும் முகக்கவசம் இருக்கும். உண்ணும்போது கழற்றித்தானே ஆகவேண்டும்? ஒரே ஸஹனில் சேர்ந்து உண்பது நம் அழகிய வழக்கம்; அதை விடச் சொல்லவில்லை. சளி உள்ளவர் அன்று மட்டும் தனித் தட்டில் உண்ணட்டும், முடிந்தால் வாசலோரமாக.

அதே நேரத்தில் அச்சத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு எச்.எம்.பி.வி. என்ற தொற்று இருப்பதாகச் செய்தி வந்ததும், மறுபடியும் ஊரடங்கு என்று கைப்பேசிகளில் வதந்தி பறந்தது. அது 2001இலேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட கிருமி. நாம் பெயர் அறியாமலே நம் பிள்ளைகளுக்குப் பலமுறை வந்து போயிருக்கும். புதிய பெயரெல்லாம் புதிய நோயன்று. வந்த செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புமுன் ஒரு மருத்துவரைக் கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். அண்மை ஆண்டுகளில் நம் பள்ளிகள் பலவற்றிலும் ஏ.சி. வந்துவிட்டது, அதனுடன் சன்னல்களும் நிரந்தரமாக அடைபட்டுவிட்டன. பெரும்பாலான ஏ.சி. இயந்திரங்கள் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரச் செய்து மீண்டும் சுற்றிவிடுகின்றன. புதுக் காற்று உள்ளே வருவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜும்ஆவுக்கு அரை மணி நேரம் முன்பாகச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். தொழுகை நேரத்திலும் எதிரெதிராக இரண்டு சன்னல்களையாவது திறந்தே வையுங்கள். மின்கட்டணம் சற்றுக் கூடும். மஹல்லாவில் எவரேனும் ஏற்றுக்கொள்வார். வாசலில் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல் ஒரு பெட்டியில் முகக்கவசங்களை வையுங்கள். வந்த பிறகு தும்மல் தொடங்கியவர் யாரிடமும் கேட்காமல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வுளூக் குழாய்களுக்கு அருகில் சோப்பு வைக்கும் வேலையை அந்தந்தத் தெருவின் இளைஞர்களிடம் கொடுங்கள்.